சோழர் கப்பலை எப்படி வரைவது?

(நெடும்பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சோழர் கப்பல் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் படத்தை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். மூன்று உயர்ந்த பாய்மரங்கள். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக மூன்று நான்கு வெண்பாய்கள். நடுப்பாயில் உறுமும் புலி. விலாப்புறத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள். பின்புறத்தில் மாளிகைபோல் எழும்பிய அடுக்குகள். அங்கே சக்கரச் சுக்கானைப் பிடித்தபடி கிரீடம் தரித்த மன்னன். படம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சோழர் கப்பல் அன்று. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியர் கட்டிய போர்க்கப்பலின் மீது புலிக்கொடியை ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. விலாவில் உள்ள சதுரத் துளைகள் பீரங்கி நீட்டுவதற்கானவை. இந்தியப் பெருங்கடலில் கப்பற்பீரங்கி முழங்கத் தொடங்கியது 1498இல் போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான். சக்கரச் சுக்கானோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்திற்கு வந்தது. இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு நிகழ்ந்தது 1025இல். இடைவெளியை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதை இப்போது எழுதக் காரணம், பெங்களூரில் வாழும் இளம் ஓவியர் ஒருவர். கடாரப் படையெடுப்பின் ஆயிரமாம் ஆண்டையொட்டிச் சிறுவர்களுக்கான நூல் ஒன்றுக்குப் படம் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. கன்னடம் தாய்மொழி, தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. “சார், ஒரே ஒரு சோழர் கப்பல் சரியாக வரைய வேண்டும். எதைப் பார்த்து வரையட்டும்?” என்று கேட்டார். எளிய கேள்விதான். விடை தேடச் சில மாதங்கள் ஆயின. கடலிலிருந்து வெகுதொலைவில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு இருவர் கப்பல் கட்டினோம் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். சிறுவர் நூலில் ஒருமுறை அச்சேறிய படம் அடுத்த தலைமுறைக்குச் சான்றாக மாறிவிடும். அதனால்தான் மெனக்கெட்டோம்.

முதலில் கல்வெட்டுகளிடம் போனோம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராஜேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, அவன் அலைகடலின் நடுவே பல கலங்களைச் செலுத்தியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைகளோடு பிடித்ததையும், அவனது பெருநிதியைக் கவர்ந்ததையும் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம் எனக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களைப் பெயர் சுட்டி அடுக்குகிறது. ஊர்களின் அகழியையும் மதிலையும் வாயிலையும்கூட வருணிக்கும் அந்த மெய்க்கீர்த்தி, கப்பலைப் பற்றிச் சொல்வது ‘பல கலம்’ என்ற அளவோடு நிற்கிறது. எத்தனை, எவ்வளவு பெரியவை, எத்தனை பாய்மரம் என்பன அதில் இல்லை. ‘கலம்’ என்னும் சொல்லே வழுக்கும் சொல். இராஜராஜனின் காந்தளூர்ச்சாலைச் செயலில் அறுக்கப்பட்டது கப்பலா, உண்கலமா, அல்லது வேறெதுவுமா என்று நூறாண்டுகளாக அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர்.

கோயிற் சிற்பங்களும் ஓவியங்களும் கைகொடுக்குமா என்றால், இல்லை. தஞ்சை விமானத்தின் உள்சுற்றில் சோழர்கால ஓவியங்கள் உள்ளன. நடன மகளிரும் யானைகளும் குதிரைகளும் சுந்தரரின் கயிலைப் பயணமும் உண்டு. சோழர் போர்க்கப்பல் என்று ஐயமறச் சுட்டத்தக்க சிற்பமோ ஓவியமோ இதுவரை கிடைத்ததில்லை. இதைச் சொன்னபோது ஓவியரின் முகம் சற்று வாடியது. நம்மில் பலருக்கும் வாடத்தான் செய்யும்.

இந்த வெற்றிடத்தில்தான் கட்டுக்கதைகள் குடியேறுகின்றன. சோழர் கடற்படையில் தாரணி, லூலா, வஜ்ரா, திரிசடை என்று நான்கு வகைக் கப்பல்கள் இருந்ததாக ஒரு பட்டியல் சுற்றுகிறது. தாரணி இன்றைய நாசகாரிக் கப்பலுக்கு நிகர், லூலா இன்ன வகைக்கு நிகர் என்று ஒப்பீடும் உண்டு. பட்டியலைப் பகிர்பவர் எவரும் ஒரு கல்வெட்டையோ செப்பேட்டையோ சான்று காட்டுவதில்லை. போஜராஜன் பெயரால் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ என்ற வடமொழி நூலில் நீளவகைக் கப்பல்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் லோலா, தாரிணி என்ற பெயர்கள் உள்ளன. ராதாகுமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் வரலாற்று நூல் அந்தப் பட்டியலைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. மாளவத்து அரசன் பெயரிலான நூலின் சொற்கள் எங்கோ வழியில் சோழர் துறைமுகத்தில் கரையேறியிருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

மற்றொன்று, பூம்புகார்க் கடலில் கிடைத்த சிதைவைக் கொண்டு செய்த சோழர் கப்பல் மாதிரி என்ற குறிப்போடு உலவும் புகைப்படம். பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கி ஆராய்ந்த கப்பற்சிதைவில் கிடைத்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. அது கம்பெனிக் காலத்துச் சரக்கு. ஓவியரிடம் அந்தப் புகைப்படத்தைக் கோப்பிலிருந்து நீக்கச் சொன்னேன்.

ஆகவே நேர்ச்சான்று இல்லை. இருப்பது சுற்றுச்சான்று. அது குறைவன்று, ஆனால் ஒவ்வொன்றின் காலத்தையும் இடத்தையும் பார்த்து எடுக்க வேண்டும்.

சாதவாகனரின் ஈயக் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் உண்டு. கிழக்குக் கரைக்கு உரியவை, ஆனால் இராஜேந்திரனுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முந்தியவை. அழகன்குளத்துப் பானை ஓட்டில் கீறப்பட்ட மூன்று பாய்மரக் கப்பலைச் சங்ககாலத் தமிழர் கப்பல் என்று சட்டைகளில்கூட அச்சிட்டு விற்கிறார்கள். அது மத்தியதரைக்கடல் வகைப் பெருங்கப்பல் என்று காசன் முதலான கப்பலியல் அறிஞர் கருதினர். நம் துறைக்கு வந்த யவனர் கலத்தை நம்மூர்க் கை ஒன்று கீறியிருப்பதாகக் கொண்டால் அதன் சுவை கூடுமே தவிரக் குறையாது. அஜந்தாவின் இரண்டாம் குகையில் மூன்று பாய்மரங்களும் உயர்ந்து ஒடுங்கிய நாற்கோணப் பாய்களும், அணியத்தில் வரைந்த கண்ணும், பின்புறம் இருமருங்கும் சுக்கான்துடுப்புகளும், பந்தலின்கீழ் வரிசையாகத் தாழிகளும் உடைய கப்பல் இருக்கிறது; 5ஆம் நூற்றாண்டு.

பிறகு போரோபுதூர். இணையப் படங்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. சாவகத்தில் 8-9ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தப் பௌத்தத் தூபியின் சுவர்களில் உள்ள கப்பல்கள் உயிரோட்டம் மிக்கவை. ஆனால் அவற்றின் பக்கவாட்டில் நீண்டு மிதக்கும் துணைக்கட்டைகளையும், சாய்த்துக் கட்டிய பாய்களையும், இரு கால்களாய் விரிந்து நிற்கும் பாய்மரங்களையும் பாருங்கள்: அவை தென்கிழக்காசிய மரபின் முத்திரைகள். அந்தச் சிற்பத்தைக் கொண்டு கட்டிய ‘சமுத்ர ரக்‌ஷா’ 2003-04இல் இந்தோனேசியாவிலிருந்து கானா நாட்டின் அக்ரா வரை ஓடிக் காட்டியது. கடாரத்தான் கப்பலை வரைய வேண்டுமானால் போரோபுதூரைப் பார்க்கலாம். சோழன் கப்பலுக்கு அதைப் பார்ப்பது எதிரியின் குதிரையில் நம் வீரனை ஏற்றுவது போன்றது. ஓவியர் இந்த இடத்தில் ஒரு நல்ல யோசனை சொன்னார்: “அப்படியானால் படத்தின் மறுகோடியில், தொலைவில், அதைக் கடாரத்துக் கப்பலாக வரைகிறேன்.” ஒப்புக்கொண்டேன்.

காலத்தால் நமக்கு நெருங்கிய சிற்பங்கள் மேற்குக் கரையில் உள்ளன. மும்பை போரிவலி அருகே எக்சரில் உள்ள நடுகற்களில் கடற்போர் செதுக்கப்பட்டிருக்கிறது: ஒற்றைப் பாய்மரம், நெடுக வரிசையாகத் துடுப்புகள், இருமுனையும் மேல்நோக்கி வளைந்த உடல், நெருங்கி நின்று பொருதும் வீரர். சிலாகாரர் காலத்தவை எனக் கருதப்படுபவை. இந்தியாவில் இடைக்காலக் கடற்போரைக் கண்ணால் காண வேண்டுமானால் அந்தக் கற்களுக்குத்தான் போக வேண்டும்.

இந்த ஆய்வின் நடுவே எங்களுக்குப் பெரிதும் உதவியது மேற்குக் கரையில் நிகழ்ந்த ஒரு செயல். அஜந்தாக் கப்பலை மரத்தில் கட்டிக் கடலில் விடும் முயற்சி. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகமும் இந்தியக் கடற்படையும் கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனமும் 2023 ஜூலையில் ஒப்பந்தம் செய்தன. செப்டம்பரில் அடிக்கட்டை இடப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் என்னும் கைவினைத் தச்சரின் தலைமையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டினர். 2025 மே 21 அன்று கார்வார் கடற்படைத் தளத்தில் ‘கௌண்டின்யா’ என்ற பெயருடன் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு 2026 ஜனவரி 14இல் மஸ்கட்டை அடைந்தது.

ஓவியத்திலிருந்து கப்பல் கட்டுவது என்றால் என்ன என்பதை அந்த முயற்சி கற்பித்தது. சுவர் ஓவியத்தில் கப்பலின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். நீருக்கடியில் உள்ள வடிவம் தெரியாது. அகலம் தெரியாது. பாயை ஏற்றும் கயிறு எங்கே கட்டப்பட்டது என்பதை ஓவியன் அழகுக்காக மாற்றியிருக்கலாம். இந்த இடைவெளிகளை நிரப்ப மாதிரி செய்து, சென்னை ஐஐடியின் கடற்பொறியியல் துறையில் நீர்த்தொட்டிச் சோதனை நடத்தி, தச்சரின் கைப்பழக்கத்தையும் கேட்டு முடிவெடுத்தனர். ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமும் ஆறரை மீட்டர் அகலமும் கொண்ட உடல் அப்படித்தான் வந்தது. ஏட்டில் உட்கார்ந்து எழுதும் எங்களைப் போன்றோர் எளிதில் எட்ட முடியாத அறிவு அது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கௌண்டின்யாவின் பாயில் கண்டபேருண்டம், அதாவது கடம்பர்களோடு தொடர்புபடுத்தப்படும் இருதலைப் பறவை, தீட்டப்பட்டிருக்கிறது. பெங்களூரில் அரசுப் பேருந்து ஏறும் எவரும் நாள்தோறும் காணும் பறவைதான். அணியத்தில் சிம்ம யாளி. மேல்தளத்தில் அரப்பா பாணிக் கல்நங்கூரம். ஒரு கப்பலில் மூவாயிரம் ஆண்டு இந்தியாவை ஏற்றிவிட்டார்கள். தேசத்தின் அடையாளமாக ஓடும் கலத்திற்கு அது பொருந்தலாம். 1025ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நாளை வரையும் சிறுவர் நூலுக்குப் பொருந்தாது. ஓவியர் யாளியை விட மனமில்லாமல் இரண்டு வாரம் தள்ளாடினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனிக் கப்பலின் உடல். என் கருத்தில் இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: பலகைகளை ஆணியால் அறைவதா, கயிற்றால் தைப்பதா?

தைப்பது என்றே முடிவு செய்தோம். காரணங்கள் பல திசைகளிலிருந்து வந்து ஒன்றுகூடின. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல், ஏறத்தாழ அறுபதாயிரம் சீனப் பீங்கான்களோடு மூழ்கியது, முழுக்கத் தைத்துக் கட்டிய மேலைக்கடல் கப்பல். இராஜேந்திரனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கலம் சீனம் வரை போய்வந்தது என்பதற்கு அதுவே சான்று. அதன் மாதிரியில் ஓமனில் கட்டிய ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010இல் கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் சென்றடைந்தது. கேரளத்தில் சேர்த்தலை அருகே தைக்கல்–கடக்கரப்பள்ளியில் வயலுக்கடியில் கிடைத்த, ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள இடைக்காலப் படகிலும் கயிற்றுத் தையல் உண்டு. கூடவே இரும்பாணியும் உண்டு. ஆகவே ‘நம்மவர் இரும்பே தொடவில்லை’ என்று அடித்துச் சொல்லவும் கூடாது. யுக்திகல்பதருவோ, கடலிலுள்ள காந்தப் பாறைகள் இழுத்துவிடும் என்பதால் இரும்பைத் தவிர்க்கச் சொல்கிறது. காந்தப் பாறை கதை. தவிர்க்கும் வழக்கம் உண்மை.

நம் கரைக்கே உரிய சான்றும் இருக்கிறது. 1292-93 அளவில் மயிலாப்பூர் சார்ந்த சோழமண்டலக் கரையில் தங்கியிருந்த இத்தாலியத் துறவி மோந்தெகொர்வினோ ஜான், இங்குள்ள கப்பல்களில் இரும்பே இல்லை, ஆடையைப் போல் நூலால் தைக்கிறார்கள், ஒற்றைப் பாய்மரம், பாய் என்பது கோரை அல்லது துணி என்று எரிச்சலோடு எழுதினார். அவருக்கு நம் கப்பல்கள் பிடிக்கவில்லை. பிடிக்காதவர் உன்னிப்பாகப் பார்ப்பார். வரலாற்றாளனுக்கு அது வசதி. சென்னையின் அலைவாய்க் கரையில் துறைமுகம் கட்டும் வரை, ஏன் அதற்குப் பின்னும், ஆட்களையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகுகள் தையற்படகுகளே. அலை மோதினால் ஆணியடித்த பலகை பிளக்கும். தைத்த பலகை நெகிழ்ந்து கொடுக்கும். கொந்தளிக்கும் கிழக்குக் கரையில் இது ஏழ்மையால் வந்த வழக்கம் அன்று, தெரிந்து தேர்ந்தது.

ஓவியருக்கு இதை எப்படிக் காட்டுவது என்பது அடுத்த சிக்கல். தையற்கப்பலில் முதலில் வெளிப்பலகைகள் விளிம்போடு விளிம்பாகச் சேரும். வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகள் பிறகு உள்ளே பொருத்தப்படும். பலகை விளிம்பின் இருபுறமும் சிறு துளையிட்டு, இணைப்பின் மீது தென்னை நார்த் திண்டை வைத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து இறுக்குவார்கள். துளைகளைக் குங்கிலியம் முதலான பிசின்களால் அடைத்து, மீனெண்ணெய் பூசுவார்கள். அதனால் கப்பலின் நிறம் படங்களில் வரும் பளபளப்பான தேக்குநிறம் ஆகாது. எண்ணெய் ஊறிய கருமை. வெளிப்புறத்தில் தையல் எங்கும் பூவேலை போல் பளிச்சென்று தெரியவும் கூடாது. பாக்தாத்து ஓவியர் அல்-வாசிதி 1237இல் அல்-ஹரீரியின் நூலுக்கு வரைந்த கப்பலில் தையல்கள் தெளிவாகத் தெரிகின்றன. அதை அப்படியே எடுக்காமல், அருகே உள்ள பலகைகளில் மட்டும் தையலைக் காட்டி, தொலைவு கூடக்கூட அதை மெல்லிய கோடாக மறையவிட்டார் ஓவியர். சரியான தீர்ப்பு.

சுக்கான் விஷயத்தில் தயங்கினோம். அல்-வாசிதியின் ஓவியத்தில் பின்தண்டில் பொருத்திய நடுச்சுக்கான் இருக்கிறது. மோந்தெகொர்வினோவும் பின்புற நடுவில் ஒரு முழ அகலச் சுக்கான் என்கிறார். இரண்டும் 13ஆம் நூற்றாண்டு. அஜந்தாவிலோ பக்கவாட்டுச் சுக்கான்துடுப்புகள். 1025 இவற்றுக்கு நடுவே நிற்கிறது. பழைய முறையையே தேர்ந்தோம்; முந்தைய வழக்கம் நீடித்திருக்க வாய்ப்பு உண்டு, பிந்தைய வழக்கம் முன்கூட்டியே வந்திருந்தது என்று சொல்லச் சான்று வேண்டும்.

பாயைப் பற்றி இரண்டு சொற்கள். முக்கோணப் பாயா, நாற்கோணப் பாயா என்று அறிஞரிடையே நீண்ட வழக்கு உண்டு. இந்தியச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் நாற்கோணமே காணப்படுவதால் அதையே கொண்டோம். ஒரு பாய்மரத்துக்கு ஒரே பாய். பாயில் புலி கிடையாது. புலி சோழரின் கொடியில் உண்டு. செப்பேட்டு முத்திரைகளில் அமர்ந்த புலியும் இரு மீன்களும் வில்லும் குடையின்கீழ் உள்ளன. பாயில் தீட்டினார்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே சிறு கொடி ஒன்று பாய்மர உச்சியில் பறக்கிறது. அந்தக் கொடி எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் மெய்யான வாக்குவாதம் நடந்தது! நாம் பார்த்த அத்தனை படங்களிலும் பாய் முன்னோக்கிப் புடைத்திருக்கும், கொடி பின்னோக்கிப் பறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளி அல்லவா கலம் கிழக்கே போகிறது? பாயைப் புடைக்கும் அதே காற்று கொடியையும் முன்னோக்கித்தான் பறக்கவிடும். பார்க்கக் கண்ணுக்கு விநோதமாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். ஒரு தாளில் காற்றின் அம்புக்குறியை வரைந்து மறுபடி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்.

அடுத்து, இது போர்க்கப்பலா? சோழ அரசுக்குத் தனியான, நிலையான கடற்படை ஒன்று இருந்ததற்குச் சான்று மிகக் குறைவு. வணிகரின் கலங்களையே படையெடுப்புக்குத் திரட்டியிருக்க வேண்டும் என்ற கருத்தை எ. சுப்பராயலு போன்ற கல்வெட்டறிஞரின் ஆய்வுகள் வலுப்படுத்துகின்றன. நானும் அந்தப் பக்கம்தான். இதைக் கேட்டுச் சிலர் சினம் கொள்வார்கள். சோழர் பெருமையைக் குறைக்கிறேன் என்பார்கள். அந்நாளில் வங்கக்கடலை நன்கறிந்தவர்கள் வணிகர். அவர்களையும் அவர்களது கலங்களையும் ஓர் அரசன் தன் நோக்கத்துக்கு ஒருங்கு திரட்டினான் என்றால் அதில் எங்கே குறைவு?

இந்த வணிகரைத் தேடினால் மறுபடியும் கர்நாடகத்துக்கே வருகிறோம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழுவின் மூலத்தானம் ஐயாவொளே என்னும் ஐஹொளெ, இன்றைய பாகல்கோட்டை மாவட்டத்தில். சாதவாகனக் காசுகளையும் எக்சர்க் கற்களையும் விட எனக்கு நெருக்கமான சான்று, அவர்கள் சுமத்ராவின் பாருஸில் 1088இல் நட்ட தமிழ்க் கல்வெட்டு. கடாரப் படையெடுப்புக்கு அறுபத்து மூன்று ஆண்டுகளே பின்னது. அதில் ‘மரக்கல நாயன்’ வருகிறான், ‘கேவிகள்’ வருகிறார்கள். கப்பலின் தலைவனும் கலம் செலுத்தும் தொழிலாளரும் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுக் குழுவுக்குப் பொன் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அது. எந்தச் சிற்பமும் தராத ஒன்றை அந்தச் சிதைந்த கல் தருகிறது: கப்பலில் இருந்த மனிதரின் பெயர். கோலாரம்மன் கோயிலின் சோழர் கல்வெட்டுகளைத் தன் ஊருக்கு அருகில் கண்டு பழகிய ஓவியருக்கு, ஐஹொளெயும் பாருஸும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை என்று தெரிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் படத்தில் மன்னன் இல்லை. இராஜேந்திரன் தானே கப்பலேறிக் கடாரம் போனான் என்று மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. கலங்களைச் செலுத்தினான் என்றுதான் சொல்கிறது. இதுவும் பதிப்பாசிரியருக்கு வருத்தம்தான். அட்டையில் மன்னன் இல்லாமல் எப்படி விற்பது? அட்டை வேறு ஓவியரிடம் போயிற்று. அதில் கிரீடமும் வாளும் உண்டு. அது எங்கள் பொறுப்பில் இல்லை.

இடையில் ஒரு நண்பர் கேட்டார்: அடுக்குப்பாய்க் கப்பலைத் தமிழர் கட்டவே இல்லையா? கட்டினார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ ஐரோப்பியப் பாணிப் பாய்களோடு, தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பெருமைக்குரிய கலம். அதை அதன் நூற்றாண்டிலேயே வைத்து வரைய வேண்டும்.

படம் இப்போது முடிந்துவிட்டது. இருபது மீட்டர் அளவுள்ள, எண்ணெயில் கறுத்த தையற்கலம், ஒற்றைப் பாய்மரமும் அணியத்தில் சிறுபாய் ஒன்றும், அணியத்தில் கண், பின்புறம் இரு சுக்கான்துடுப்புகள், நடுவே திறந்த வயிறு, அதில் தாழிகளும் நெல்மூட்டைகளும் நீர்ச்சாடிகளும், அவற்றின்மேல் ஓலைப்பந்தல், நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வீரர்கள், அவர்களில் இருவருக்குக் கடல் மயக்கம். பந்தலும் நீளமும் சிறுபாயும் ஊகம் என்பதை நூலின் பின்பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாகச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்துவிட்டார்கள்.

கடைசியாகச் சேர்ந்த உருவம் ஒன்று. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொல்லத்தில் வாழ்ந்த பாதிரியார் ஜோர்தானுஸ், இந்தியத் தையற்கப்பல்கள் மேல்தளம் இல்லாதவை, எப்போதும் நீர் கசிபவை, ஆதலால் ஆட்கள் ஓயாமல் நீரில் நின்று இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஓவியர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்தார். பந்தலுக்குக் கீழே, வீரர்களின் காலடியில், முழங்கால் அளவு நீரில் நின்று மரவையால் இறைத்துக் கடலில் கொட்டும் ஒருவனை வரைந்தார். பெயர் என்ன எழுத என்றார். “கேவி” என்று எழுதச் சொன்னேன்.